வேலிக்கு அப்பால் போகும் கோடு

இந்த அஞ்சலிக் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பாடசாலை அதிபர் ஐயா அவர்களே, கல்விப் பணிமனையிலிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்த பணிப்பாளர் அவர்களே, ஆசிரியர்களே, வேலையைப் பாதியில் விட்டு மலையிலிருந்து நேராக வந்திருக்கும் பெற்றோரே, என்னோடு படிப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவி ரூபிகா.

எங்கள் கணித ஆசிரியை, மதிப்புக்குரிய திருமதி சிவகௌரி குணரத்தினம் அவர்கள், காய்ச்சலோடு யாழ்ப்பாணத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, காலையில் பனிமூட்டம் திடலை மூடியிருக்கும்போது, அதற்குள்ளே அவர் குடையோடு நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில்.

அந்தக் கல் இங்கே யாருக்குத் தெரியாது? எங்கள் சின்னத் திடலின் நடுவே சுண்ணாம்பு பூசிக் கிடக்கிறதே, அதுதான் பூச்சியம். மிஸ் அங்கே நிற்பார். நாங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்போம். ஆளுக்கொரு எண் தருவார்; இடப்பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சய எண்கள், அதாவது கழித்தல் எண்கள். அதைச் சார்பில் போட்டு, விடை எத்தனையோ அத்தனை எட்டு முன்னால் நடக்க வேண்டும். சய வந்தால் பின்னால். வரைபுத்தாளில் புள்ளி வைப்பதற்கு முன்னால் நாங்களே புள்ளிகளாக இருந்தோம்.

இருபடிச் சார்பில் ஒரு தொல்லையும் வரவில்லை. விடைகள் எல்லாம் முன்பக்கம். திடலிலே அழகான பள்ளத்தாக்கு ஒன்று உண்டானது. முப்படிச் சார்பு வந்த அன்றுதான் நாங்கள் பிழை விட்டோம். இடப்பக்கத்துப் பிள்ளைகளின் கோடு பின்னால் இறங்க வேண்டும். பின்னால் சில எட்டு வைத்தால் வேலி. வேலிக்கு அப்பால் தேயிலை. நாங்கள் எல்லோரும் வேலியோடு நின்றுவிட்டோம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் ஆள் நிற்பதுபோல ஒரே வரிசையாக.

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை.

"ஏன் பிள்ளையள் எல்லாரும் உதில நிக்கிறியள்? சய எட்டு வந்த ஆள் எங்க?"

"நாந்தான் மிஸ்" என்றான் வினோஜன். "அதுக்கு அங்குட்டு தோட்டம் மிஸ். கொழுந்து மலைக்குள்ள எறங்குனா ஏசுவாங்க."

மிஸ் மெதுவாகக் கேட்டார்: "சமன்பாட்டில வேலி எங்க கிடக்கு? எனக்கு ஒருக்கால் காட்டும் பாப்பம்."

யாரால் காட்ட முடியும்? வினோஜன் வேலியைக் கடந்து இறங்கினான். உடனே கீழே ஆட்களிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை ஐயாவின் குரல். ஐயா இங்கேதான் இருக்கிறார், கோபிக்கமாட்டார்.

"எவன்டா அது தேயிலைக்குள்ள?"

"நான் சும்மா வரலைங்க ஐயா. எனக்கு வெடை சய எட்டுங்க."

"என்னாடா எட்டு? காதப் புடிச்சு இழுத்தேன்னா ஒம்பதாயிரும்."

மிஸ் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் இறங்கிப் போனார். என்ன பேசினாரோ, பனியில் ஒன்றும் கேட்கவில்லை. "சரி டீச்சர், செடிய ஒடைக்காம நிக்கச் சொல்லுங்க" என்று ஐயா சொன்னது மட்டும் கேட்டது.

நானும் வேலியைத் தாண்டினேன். அம்மா கொழுந்தெடுக்கும் மலைதான். ஆனாலும் அன்றுதான் அதற்குள் முதலில் கால் வைத்தேன். பனி வந்து எங்களை மூடியது. பக்கத்தில் நின்றவளின் கைகூடத் தெரியவில்லை. நான் சரியான இடத்தில்தான் நிற்கிறேனா? மேலே பூச்சியத்திலிருந்து மிஸ் கேட்டார்: "எல்லாரும் நிக்கிறியளா?" ஒவ்வொருவராகப் பதில் சொன்னோம். சய ஒன்று. அரை. ஒன்றரை. ஆளில்லாமல் எண்கள் மட்டும் வெள்ளைக்குள்ளே மிதந்து வந்தன. அந்தக் குரல்கள் இன்னும் என் கனவில் வருகின்றன.

பிறகு பனி விலகியது. மேல் ரோட்டில் கூடையோடு நின்ற ராக்காயி பெரியம்மா கூவினார்: "அடியே இங்க பாருங்கடி, புள்ளைங்க எல்லாம் ஒரே கோடா வளைஞ்சு மலைக்குள்ள எறங்குதுங்க!"

எங்களுக்கு அது தெரியவில்லை. கோட்டில் நிற்பவருக்குக் கோடு தெரியாது. "மேல நிக்கிறவைக்குத் தெரியுதுதானே, அது போதும்" என்றார் மிஸ்.

அன்று நான் ஒரு கேள்வி கேட்டேன். பூச்சியத்துக்குப் பக்கத்தில் கோடு தட்டையாகிறதே, அங்கே அது திரும்பிவிடுகிறதா என்று. மிஸ் தன் காலடியைக் காட்டிச் சொன்னார்: "இல்லைப் பிள்ளை, திரும்பேல்லை. கொஞ்சம் மூச்சு வாங்குது. பிறகு போற பக்கமே போகும்."

சபையோரே, அடுத்த தவணையில் எங்கள் கணிதப் பிரிவு நடக்குமா என்று இன்னும் தெரியாது. ஆசிரியர் இல்லாவிட்டால் கலைப்பிரிவுக்கு மாறலாம், இல்லையென்றால் ஹட்டனுக்குப் போய்ப் படிக்கலாம் என்கிறார்கள். வீட்டில் சொன்னேன். "ஹட்டனுக்கா? விடியுமுன்ன பஸ்ஸுக்கு எறங்கி, பொழுது சாஞ்சு வருவியா? பேசாம ஆர்ட்ஸ் படிடி" என்றார் அம்மா. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் பயம் எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் அநேகமான பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைத்த பதில் இதுதான்.

பணிப்பாளர் அவர்களே, எங்களுக்கு இங்கேயே ஓர் ஆசிரியரைத் தாருங்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, எந்தப் பேச்சுப் பேசினாலும் சரி. அவர் வரும்வரை வகுப்பை மூடாதீர்கள். இது மூச்சு வாங்கும் இடம், திரும்பும் இடம் அல்ல.

எங்கள் மிஸ்ஸுக்கு நாங்கள் தரும் வாக்கு இது. திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் கணிதப் பிரிவுப் பிள்ளைகள் நாங்கள் திடலில் இறங்குவோம். மழையென்றால் குடையோடு. பூச்சியத்தில் ஒருவரும் நிற்கமாட்டோம், அது அவருடைய இடம். அந்தக் கல்லிலிருந்துதான் நாங்கள் எல்லோரும் எண்ணி நடப்போம். கடைசியாக மிஸ் எனக்குத் தந்த எண் சய இரண்டு. அதன் முப்படி சய எட்டு. வேலிக்கு அப்பால். நான் அங்கே போய் நிற்பேன்.

அம்மா, வேலை முடிந்து வரும்போது பெரியம்மாவோடு மேல் ரோட்டில் கொஞ்சம் நில்லுங்கள். கோடு சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.