பிராக்கனின் சான்றிதழ்

எலிக்குச் சீஸ் பிடிக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எங்கள் காட்டு எலிகளுக்குக் கடலை வெண்ணெய்தான். பதினோரு வருஷமாகப் பொறி வைக்கிறேன், எனக்குத் தெரியும். ஸ்டோட்டுக்கு ஒரு முட்டை போதும். உருவத்தில் கீரியில் பாதிதான், ஆனால் கிவிக் குஞ்சைக் கழுத்தில் கவ்வி நொடியில் முடித்துவிடும். நாலு காலில் வேட்டையாடும் எதுவுமே இல்லாத தீவில் வளர்ந்த பறவை அது. பறக்கவும் தெரியாது, பயப்படவும் தெரியாது. அதற்கென்று யாராவது நிற்க வேண்டாமா? நான் நின்றேன்.

ராவிரி என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். எங்கள் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்தத் தீவுக்குப் படகில் வந்து குடியேறியவர்களின் வம்சம். எழுபத்து நாலு வயது, கண் பாதி போய்விட்டது. டாமா என்கிற அவருடைய கறுப்பு நாய் முன்னால் நடக்கும், அதன் வாரைப் பிடித்துக்கொண்டு இவர் பின்னால் போவார். எங்கள் பக்கத்தில் நாய் வைத்திருப்பவர்கள் வருஷம் ஒரு முறை அதைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். செத்த கிவியைப் பாடம் பண்ணி வைத்திருப்பார்கள். நாய் மோந்ததும் கழுத்துப் பட்டையில் சுருக்கென்று மின்சாரம் பாயும். பிறகு கிவி வாடை வந்தாலே ஒதுங்கிவிடும் என்று சான்றிதழ் கொடுப்பார்கள். என் நாய் பிராக்கனிடம் ஆறு சான்றிதழ் இருக்கிறது. டாமாவுக்குப் போன வருஷமே தேதி முடிந்துவிட்டது.

இதை நான் ராவிரியிடம் தன்மையாகத்தான் சொன்னேன். அவருக்கு எல்லாம் கேலி.

"ஏம்மா எல்ஸ்பெத், உங்க கொள்ளுத் தாத்தா சுட்டு விளையாட முயலைக் கொண்டாந்து விட்டாரு. முயல் புல்லை மொட்டையடிச்சதும், அதைத் தின்ன ஸ்டோட்டைக் கொண்டாந்தாரு. அது முயலை விட்டுட்டுப் பறவையைத் தின்னுச்சு. இப்ப நீ வந்து என் நாயைக் குத்தம் சொல்றியா?"

"உங்க ஆளுங்க மட்டும் படகுல எலியும் நாயும் ஏத்திட்டு வரலையா?" என்றேன்.

"கொண்டாந்தாங்க. நாங்க அதை மறைக்கலையே."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. வெறுத்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் மூன்று கிவிகள் வளைக்கு வெளியே செத்துக் கிடந்தன. நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது. ஸ்டோட் அப்படிச் செய்யாது, அது நாய்தான். இங்கே இரண்டே நாய்கள். ஒன்றிடம் சான்றிதழ் இருந்தது. வேறென்ன யோசிக்க வேண்டும்?

போசம் என்று மரமேறித் திரியும் ஒரு பிராணி உண்டு, அதற்கு வைக்கிற விஷத்தை ஒரு செத்த போசத்துக்குள் திணித்து, அவர் பக்கத்து வேலியோரம் போட்டேன். டாமா அதிக நேரம் தவிக்கவில்லை. இழுத்துவந்து ஃபெர்ன் புதருக்கு அடியில் புதைத்தேன். ஆழமாகவே தோண்டினேன்.

மறுநாள் காலை ராவிரி வேலியைத் தடவிக்கொண்டு வந்தார். அன்று கேலி இல்லை.

"டாமாவைப் பாத்தியாம்மா? ராத்திரி வீட்டுக்கு வரலை."

"சதுப்புப் பக்கம் போச்சுங்க," என்றேன்.

அந்தச் சேறு இடுப்பு வரை இழுக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. நாயின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். மதியம் வரை குரல் கேட்டது. முதலில் டாமா டாமா என்றார், கடைசியில் எல்ஸ்பெத் என்றார். எனக்குப் பதினான்கு பொறிகள் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து நீங்கள் அவரை வெளியே எடுத்தபோது, உடலை மூடப் போர்வை கொடுத்தது நான்தான்.

அதற்கப்புறமும் இரண்டு கிவிகள் செத்தன என்கிறீர்கள். ஐந்து காயத்திலும் இருந்த எச்சில் பிராக்கனுடையது என்று ஆய்வகம் சொல்கிறதாம். ஆய்வகத்தில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே, தப்பு வரும். மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். சான்றிதழ்கள் சமையலறை இழுப்பறையில், தேதி வரிசையில் இருக்கின்றன.

பிராக்கனைக் கூண்டில் அடைத்திருக்கிறீர்களாம். பாவம், அதற்கு அடைபட்டுப் பழக்கமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அவிழ்த்துவிட்டால் தானாகக் காட்டைச் சுற்றிவிட்டு வரும். வந்ததும் ஈரத்துணியால் வாயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், பிறகு சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும்.