எல்லாவற்றுக்கும் ஒரே குறி

எங்கள் வீட்டில் கணினி சாப்பாட்டு மேசையிலேயேதான் இருக்கும். அதைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினால்தான் தட்டு வைக்க இடம் கிடைக்கும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருப்பது என் மனைவியின் நாற்காலி. பரவாயில்லை, எழுந்திருக்க வேண்டாம். அவள் உள்ளே தூங்குகிறாள்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்டது இந்தக் கணினியில் இருக்கும் ஃபைலைப் பற்றி. அது தானாகக் கெட்டுப்போகவில்லை. வெளியாள் யாரும் வந்து கை வைக்கவுமில்லை. முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பக்க நியாயம் உங்களுக்குப் பிடிபடாது.

அவள் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தவள். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் வாழ்க்கை வரலாறுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. எவ்வளவு பெரிய மனிதர் எழுதியிருந்தாலும் ஆதாரம் இல்லாத வரியை விடமாட்டாள். சம்பவத்துக்கு ஒரு தலைப்பு, தலைப்பின் ஓரத்தில் ஒரு குறி. ஒன்று 'நடந்தது', இல்லாவிட்டால் 'கற்பனை'. நான் பஸ் டிப்போவில் வண்டிகள் வரும் நேரமும் போகும் நேரமும் குறித்துக்கொண்டிருந்தவன். எழுதிவிட்டால் எழுதியதுதான் என்பதில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லை.

மறதி நோய் என்று தெரிந்தபோது டாக்டரைவிட அவள்தான் தெளிவாக இருந்தாள். தன் வாழ்க்கையையே அதே மாதிரி தலைப்புத் தலைப்பாக அடித்து வைக்க ஆரம்பித்தாள். சில நாள் தப்பாகவும் எழுதுவாள். எப்போதோ செத்துப்போன அவளுடைய அண்ணன் நேற்று வந்து டீ குடித்துவிட்டுப் போனதாக எழுதியிருப்பாள். அப்படி நடக்கவில்லை என்று நான் சொன்னால் கோபப்படமாட்டாள். 'கற்பனை' என்று குறி வைத்துவிடுவாள். காலையில் முகம் கழுவியதும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பாள். "எனக்கு என்ன தோணுதுங்கிறது முக்கியமில்லைங்க. குறி என்ன சொல்லுதோ அதான்" என்பாள்.

விரல் நடுங்க ஆரம்பித்த பிறகு குறி வைக்கும் வேலையை என்னிடம் விட்டாள். நான் ஒவ்வொரு தலைப்பாகப் போய் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இப்படி ஒண்ணொண்ணா வெச்சா உங்க டிப்போ வண்டியெல்லாம் போயிட்டுத் திரும்பி வந்துடும். எல்லாத்துலயும் பொதுவா இருக்கிற ஒரு சொல்லைத் தேடுங்க. வர்றதை மொத்தமா குறிச்சுக்கங்க. ஒரே ஒரு தடவை அடிச்சாப் போதும், எல்லாத்துக்கும் விழுந்துடும்" என்றாள். என் தோளில் கை வைத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

ஃபைலில் பாதிக்கு மேல் பாப்பாதான். எங்கள் ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். என் மனைவி அவளைப் பெயர் சொல்லி எழுதியதே கிடையாது, எங்கே பார்த்தாலும் பாப்பாதான். பாப்பாவுக்கு முதல் பல் விழுந்தது, பரீட்சையில் தோற்ற பாப்பா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, கொட்டும் மழையில் பாப்பாவை நான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. படித்துவிட்டு அழுவாள். பாப்பா எங்கே, ஏன் இன்னும் வரவில்லை என்பாள். நான் எடுத்துச் சொன்னால் சமாதானமாவாள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பெற்ற மனசு தினம் தினம் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் செய்தேன். காரணம் என்று ஏதாவது எழுதிக்கொள்வதாக இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாமல் என்னையே பார்ப்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். ஒருமுறை அவள் தன்பாட்டுக்குத் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள், அதற்குப் பிறகுதான். கடை என்றால் வெறும் கடை மட்டுமில்லை. பழைய டிப்போ சிநேகிதர்களோடு கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் சீட்டாட்டம். மனிதன் மூச்சு விட வேண்டாமா. ஒருநாள் காலையில் போனவன் திரும்ப மாலையாகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வந்த பாப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்தபோது என் மனைவிக்கு இரண்டு கையும் வீங்கியிருந்தது. பாப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மாவை என்னோடு அனுப்பிவிடுங்கள் அப்பா என்று மட்டும் கேட்டாள். யோசிக்கலாம் என்றேன். அவள் அம்மாவிடமே கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஃபைலில் புதிதாக ஒரு தலைப்பு இருந்தது. நடுங்கும் விரலால் அவளே அடித்தது. 'பாப்பா சனிக்கிழமை வருவாள். அவளோடு போய் இருக்க முடிவு செய்துவிட்டேன். இது என் விருப்பம். அவர் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.' ஓரத்தில் 'நடந்தது' என்று குறியும் வைத்திருந்தாள்.

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்தவனைப் பற்றி எழுதுகிற வரியா அது.

அதை மட்டும் அழித்துவிட்டால் போதாது. பாப்பா வந்து கூப்பிட்டால் கிளம்பிவிடுவாள். அதற்கு மட்டும் 'கற்பனை' என்று குறி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மற்ற தலைப்புகளிலெல்லாம் பாப்பா ஓடியாடிக்கொண்டிருக்கிறாளே. ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்ப்பது அவள் தொழில். அதனால் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். பாப்பா என்று தேடினேன். வந்ததையெல்லாம் மொத்தமாகக் குறித்துக்கொண்டேன். 'நடந்தது' என்பதை எடுத்துவிட்டு 'கற்பனை' என்று ஒரு தடவை அடித்தேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எங்களுக்குக் குழந்தையே இல்லை.

சுவரில் இருந்த பாப்பாவின் படங்களை அதற்கு முன்பே இறக்கிவிட்டிருந்தேன். சுவரைத் துடைக்க வேண்டியிருந்தது. மழையில் நான் பாப்பாவைத் தூக்கி வந்ததும் அந்தக் குறியோடு போய்விட்டது. எனக்கும் நஷ்டம்தான், ஆனால் அதை யார் கேட்கப்போகிறார்கள்.

மறுநாள் காலை வெகுநேரம் படித்தாள். அழவில்லை. "இவ்வளவும் நானா கற்பனை பண்ணினது?" என்று கேட்டாள். கூச்சப்பட்டாள். இந்த நோய் அப்படித்தான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லாத பிள்ளைக்காகத் தினமும் அழுதிருக்கேன். உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

சொன்னபடி பாப்பா சனிக்கிழமை வந்தாள். என் மனைவிதான் கதவைத் திறந்தாள். பாப்பா அம்மா என்று கட்டிக்கொண்டதும் இவள் விலகவில்லை, முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். கணினியில் தேடிப் பார்த்தாள். திரும்பி வாசலுக்குப் போனாள்.

"மன்னிச்சுக்கம்மா. எனக்குப் பொண்ணு கிடையாது. இருக்கிற மாதிரிதான் தோணுது, ஆனா தோணுறதை நான் நம்பக் கூடாது. உங்கம்மா கெடைச்சிடுவாங்க, அழாத."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் எதை எதையோ சொல்லிப் பார்த்தாள், தன் ஃபோனிலிருந்து படங்களைக் காட்டினாள். சொல்லச் சொல்ல இவள் மிரண்டுபோய் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். மிரண்டுபோன அம்மாவைக் கையைப் பிடித்து இழுக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும். போய்விட்டாள். அதன் பிறகுதான் உங்களிடம் புகார் கொடுக்க வந்திருப்பாள்.

அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. குறியை எடுக்கச் சொல்வீர்கள் என்று தெரியும். அதே தேடல்தான், ஒரு நிமிஷ வேலை. ஆனால் என் மனைவி இப்போது இங்கே நிம்மதியாக இருக்கிறாள் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பாப்பா போன அன்று மத்தியானம் முழுக்க என் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஓய்ந்த பிறகு எழுந்து போய்ப் புதிதாக ஒரு தலைப்பு அடித்தாள். 'இன்று யாரோ ஒரு பெண் வந்துவிட்டுப் போனாள். அவள் போனதிலிருந்து அழுகை நிற்கவில்லை. ஏனென்று தெரியவில்லை.' இதற்கு என்ன குறி வைக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். ஈரத் துண்டு என் கையில்தான் இருந்தது. கற்பனை என்று சொன்னேன்.