ஏலக்காய் மணக்கும் பேஸ் பிடில்

ஐம்பதுகளில் ஒரு ஐப்பசி. போடியிலிருந்து மதுரை போகும் பஸ்சில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் கம்பளி போர்த்திய பெரியவர். இன்னொருவர் நாடகக் கம்பெனியில் வாத்தியம் வாசிக்கும் இளைஞர். பெரியவர் சொன்ன ஒன்றுதான் என் தூக்கத்தைக் கலைத்தது.

"மழைக்காலம் பூராம் என் பேஸ் பிடிலை ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்லதான் படுக்கப் போட்டிருப்பேன், தம்பி."

"ஏண்ணே?"

"போடிமெட்டுல மஞ்சு எறங்குனா ஈரத்துல பசை விட்டுப் பொளந்துக்கிரும். ஸ்டோர்லதான் அடுப்பு அணையாது. அந்தப் பிடிலு ஆள் ஒசரம், நின்னுக்கிட்டேதான் வாசிக்கணும். துரைமாரு கிளப்புல டான்சுக்கு வாசிப்பேன். அவுங்க தூங்குனதும் தோட்டத்து ஆளுக குடியிருக்கிற லயத்துக்குத் தூக்கிட்டுப் போயி பொம்பளைக கும்மிக்கு வாசிப்பேன். உறுமி தோத்துப் போகும்."

"இப்ப எங்க இருக்கு?"

"கிளப்பை மூடுனப்ப மேசை நாற்காலியோட சேத்து வித்துட்டாங்க. யாருக்குன்னே தெரியல."

இளைஞர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் மதுரையில பழைய சாமான் கடையில ஒண்ணு வாங்குனேன். தடிச்ச கம்பியை இழுத்தா உள்ளருந்து ஏலக்கா வாசம் வருது. முன்னாடி வச்சிருந்தவன் அதுல பாயாசம் காச்சுனானோன்னு நெனச்சேன்."

"எங்கய்யா இருக்கு அது?"

"இந்த பஸ்சு மேலதான். கயித்துல கட்டிப் போட்டிருக்கு."

சன்னலில் தூறல் விழுந்தது. பெரியவர் கம்பளியை உருவிக்கொண்டு எழுந்தார்.

"இங்கெல்லாம் நிக்காது பெரியவரே," என்றார் கண்டக்டர்.

"நிப்பாட்டுய்யா! என் பிடிலு நனையுது!"