கேட்ட பிறகே கை நீட்டியவர்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்த வழக்கறிஞர்களே, துணைவியாரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன் இன்பராஜ் அவர்களே, குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் என் மக்களே! ஆம்பூர் வழக்கறிஞர் வக்கார் அகமது உங்கள் அனைவரையும் கலங்கிய நெஞ்சோடு வணங்குகிறேன்.

ஒரு தரப்பை இன்னும் நான் வணங்கவில்லை. இடது பக்க நாற்காலிகளில் மடிப்புக் கலையாமல் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, மருத்துவமனை நிர்வாகிகளே! உங்களுக்கும் வணக்கம். ஆனால் ஒரு கேள்வி. எதற்காக வந்திருக்கிறீர்கள்? வழக்கறிஞர் விஜயகுமாரி அம்மையாருக்கு அஞ்சலி செலுத்தவா? அல்லது அம்மையார் உண்மையிலேயே போய்விட்டாரா என்று நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளவா?

சிரிக்காதீர்கள். பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன். மீதிப் பாதி விளையாட்டில்லை. இந்தப் படத்துக்குப் போட்டிருக்கும் மாலைகளில் எது பெரியது என்று பார்த்தீர்களா? எங்கள் சங்கத்து மாலை இல்லை. அவர் பெயர் போட்ட நோட்டீஸைப் பார்த்தாலே பி.பி. ஏறியவர்கள் அனுப்பிய மாலை அது. என்ன பாசம்! என்ன மரியாதை! உயிரோடு இருந்தபோது ஒரு ரோஜாப்பூ கொடுத்திருப்பார்களா?

அம்மையார் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார். படத்தை நன்றாகப் பாருங்கள். போட்டோ எடுத்தவரையே சந்தேகத்தோடு பார்க்கிற முகம்!

ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்மேன் கோவிந்தசாமியின் மகளாகப் பிறந்தவர் அவர். இந்தத் தோல் தொழில் சீமையில் அன்றைக்கு வக்கீல் என்றால் நிலத் தகராறு, செக் கேஸ், ஃபேக்டரி கேஸ், அவ்வளவுதான். டாக்டர் மேல் வழக்கா? கும்பிட்ட கையால் நோட்டீஸ் அனுப்புவதா? "டாக்டர் கடவுள் மாதிரி ஆச்சே மேடம்" என்று அவருடைய கட்சிக்காரரே தயங்கினார். அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? "கடவுள் ஃபீஸ் வாங்கினா கடவுளையும் கேப்போம், உக்காருங்க" என்றார். அந்த வழக்கில் ஜெயித்தார். அடுத்ததிலும் ஜெயித்தார். வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் அம்மையார் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். நானே பார்த்திருக்கிறேன்.

டாக்டர்கள் மேல் அவருக்கு வெறுப்பு என்று இந்தப் பக்கம் சிலர் முணுமுணுக்கிறீர்கள். தவறு! அவருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். முதல் சந்தேகம் கட்சிக்காரர் மேல்தான். வழக்கு என்று வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். "எல்லாச் சாவும் தப்பு இல்லம்மா. டாக்டர் சரியாத்தான் பார்த்திருக்காரு. வீட்டுக்குப் போய் அழுங்க, கேஸ் வேணாம்." இதை எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லி, அவர்களோடு சேர்ந்து அழுதுவிட்டு, பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார். இந்த இடது பக்கத்தில் இருப்பவர்களில் பலருக்கு, தங்கள் மேல் வராமல் போன வழக்குகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

எப்போது சந்தேகப்படுவது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "பாய், ஆஸ்பத்திரிக்கு நாமதான் பழம் வாங்கிட்டுப் போவோம். ஆஸ்பத்திரி நம்ம வீட்டுக்குப் பழம் வாங்கிட்டு வந்தா என்னைக் கூப்பிடுங்க." இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு பார்த்தேன், தப்பியதே இல்லை.

பேரணாம்பட்டு மூர்த்தி வந்திருக்கிறார். அதோ, தூண் பக்கம், ஊன்றுகோலோடு. மூர்த்தி, உன் கதையைச் சொல்கிறேன், அனுமதி உண்டா? தலையாட்டுகிறார்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர் மூர்த்தி. அங்கே படியில் தவறி விழுந்து கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு இறுக்கம். மறுநாள் கால் விரல்கள் நீலமாக மாறின. மூர்த்தியின் மனைவி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டியூட்டி டாக்டர் பார்த்தார். என்ன சொன்னார்? "தோல் ஷாப்புதானே? அது சாயம்மா. நாலு நாள்ல போய்டும்."

நம் ஊரில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு இது! வேறு எந்த ஊரில் ஒரு மருத்துவர் நீல விரலைப் பார்த்துச் சாயம் என்று நினைப்பார்? நம் தெருக்களில் நீலக் கால், பழுப்புக் கால், கறுப்புக் கால் எத்தனை நடக்கின்றன! பார்த்துப் பார்த்து அந்த டாக்டருக்கும் கண் பழகிவிட்டது. ரத்தம் ஓடாமல் செத்துக்கொண்டிருந்த விரல்களைச் சாயம் என்று விட்டுவிட்டார். அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் அம்மையார் அந்த டாக்டரைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார். "சாயம்னு எப்படித் தெரிஞ்சுது டாக்டர்? ஈரத்துணியால துடைச்சுப் பார்த்தீங்களா?" "இல்லை." "இன்னொரு காலைப் பார்த்தீங்களா? அதுவும் நீலமா இருந்துச்சா?" "பார்க்கலை." "தோல் ஷாப்புல எந்த செக்‌ஷன்ல வேலைன்னு கேட்டீங்களா?" "கேட்கலை." "அவரு தோலுக்குச் சாயம் ஏத்துற டிரம்மை விட்டு ஃபினிஷிங்குக்கு மாறி மாசக்கணக்காச்சு டாக்டர். அவர் கால்ல சாயமே கிடையாது."

அந்த டாக்டர் அப்போதுதான் படிப்பு முடித்து வந்த இளைஞர். அவருடைய வக்கீல் முன்னாடியே சொல்லிக்கொடுத்திருந்தார், "துடைத்துப் பார்த்தேன்" என்று சொல்லிவிடு என்று. அவர் சொல்லவில்லை. "கேட்கலை" என்றுதான் சொன்னார். டாக்டர் தரப்பு தோற்றது. அவருக்கு இந்தப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியும் வேலை தரவில்லை. நிச்சயம் பேசிய பெண் வீட்டாரும் பின்வாங்கினார்கள். வெளியூர் போய் மயக்க மருந்து மருத்துவம் படித்துவிட்டு வந்தார். பெயர், டாக்டர் ஃபைஸான். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழினியின் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கணவன் ஹேமந்த், ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷன். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்காகத் தனியார் மருத்துவமனைக்குப் போனான். "மொபைலைச் சார்ஜ்ல போட்டு வை, வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கண் விழிக்கவே இல்லை. வழக்கு நடக்கிறது, ஆகையால் மருத்துவமனையின் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கை தட்டினாலும் சொல்ல மாட்டேன்.

காரியம் முடிவதற்குள் தமிழினி வீட்டுக்கு மானேஜர் பழத்தோடு வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி, மாதுளை. அம்மையாருக்குப் போன் வந்தது.

அம்மையாரின் சந்தேகம் இதுதான். மயக்கம் கொடுத்த மருத்துவர், பையன் கண் விழிக்கும் முன்பே அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். ஹேமந்தை வெளியே கொண்டுவருவதற்கு முன்னாடியே அவர் கேட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்ததைத் தமிழினி பார்த்திருக்கிறாள். ஆனால் மனைவி சொன்னால் போதுமா? அப்படிப் போவது தப்பு என்று அந்தத் துறை தெரிந்த ஒரு மருத்துவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அம்மையார் ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "நீங்க சொல்றது கரெக்ட் மேடம். எங்க பேர் மட்டும் வேணாம்." அந்தப் பதிலைச் சொன்னவர்கள் சிலர் இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கீழே பார்க்காதீர்கள் ஐயா, உங்கள் பெயரையும் நான் சொல்ல மாட்டேன்.

மருத்துவச் சாட்சியைக் கொண்டுவர ஆணையம் கொடுத்த கடைசி வாய்ப்பு வரும் திங்கட்கிழமை. அதற்குள் அம்மையாரைச் சாவு கொண்டுபோய்விட்டது. சிதை ஆறவில்லை, தமிழினி வீட்டு வாசலில் மறுபடியும் மானேஜர், மறுபடியும் பழம்! "உங்க வக்கீலம்மாவே போய்ட்டாங்க. இனிமே யாரு உங்களுக்காக அலையப் போறாங்க? சமரசமா முடிச்சுக்கலாமே." நான் கேட்டேன், "பழத்தை வாங்கினியாம்மா?" "நான் வாங்கலை சார். வாசல்ல வச்சுட்டுப் போய்ட்டாங்க. ஆடு தின்னுடுச்சு" என்றாள். அந்த ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இனி, நீங்கள் எல்லோரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் காலை முதல் அதே பேச்சு. "ஆஸ்பத்திரிக்காரங்களே அம்மாவ முடிச்சுட்டாங்களாமே." எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. வராதா? மார்வலி என்று அம்மையாரைப் பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூச்சுக்குழாய் போட ஓடி வந்தவர் யார்? டாக்டர் ஃபைஸான்! அம்மையாரால் வேலை இழந்தவர், நிச்சயம் நின்றுபோனவர், அவர் கை அம்மையாரின் தொண்டையில்! கேட்டதும் என் ரத்தம் கொதித்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, சென்னையில் ஒரு இருதய மருத்துவரிடம் காட்டினேன். "எல்லாம் சரியாகச் செய்திருக்கிறார்கள்" என்றார். அப்போதும் எனக்குச் சந்தேகம். டாக்டர் டாக்டரை விட்டுக்கொடுப்பாரா?

கடைசியில் அண்ணன் இன்பராஜிடம் கேட்டேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஃபைஸான் ஊசியோடு வந்ததும் அம்மையார் கையை இழுத்துக்கொண்டாராம். மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, அப்போதும் கேட்கிறார், "இன்னா ஊசி அது?" ஃபைஸான் மருந்தின் பெயரைச் சொன்னார். "எதுக்கு?" அதையும் சொன்னார். "எழுதிட்டீங்களா?" "எழுதிட்டேன் மேடம்." அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்டார். "அப்போ போடுங்க" என்று கையை நீட்டினார்.

அதுதான் அவருடைய கடைசி வார்த்தை. யாரையும் சும்மா நம்பாத என் சகோதரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, தன்னிடம் தோற்றவரிடமே கையை நீட்டிவிட்டுப் போனார். அவருடைய இருதயம் தாங்கவில்லை. அதில் யார் குற்றமும் இல்லை. நான் தேடிவிட்டேன், இல்லை! வாசலில் பேசுகிறவர்களே, அம்மையாரின் பெயரால் சொல்கிறேன், அந்தப் பேச்சை இத்தோடு நிறுத்துங்கள். ஆதாரம் இல்லாமல் பழி சொன்னால் அவர் உங்களை ஆபீஸ் வாசல்படி ஏறவிட்டிருக்க மாட்டார். எனக்கு அழுகை வருகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பிறகு ஃபைஸானைப் போய்ப் பார்த்தேன். விடைபெறும்போது சித்தப்பா முறை சொல்லி என் கையைப் பிடித்தார். "சாச்சா, ஹேமந்த் கேஸுக்கு மேடம் என்னையும் கூப்பிட்டாங்க. நானும் பேர் வேணாம்னுதான் சொன்னேன். இப்போ வர்றேன்" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்ததா? இல்லை. சந்தேகமாக இருந்தது. மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சுடுகாட்டில் எடுத்த முடிவு வீடு வந்து குளித்ததும் கரைந்துபோகும். திங்கட்கிழமைக்குள் எத்தனை பேர் அவருக்குப் போன் செய்வார்கள்! எத்தனை சீனியர்கள் தோளில் கை போடுவார்கள்!

ஆகவே தோழர்களே, வழக்கமாக இந்த இடத்தில் பேச்சாளர்கள், "அம்மையார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்" என்று உறுதிமொழி எடுப்பார்கள். நாமும் கை தட்டுவோம். வெளியே போய் டீ குடிப்போம். அந்த உறுதிமொழி டீ ஆறும்வரைகூட நிற்காது. எனக்கு உங்கள் கைத்தட்டல் வேண்டாம். தமிழினியின் வக்காலத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், திங்கட்கிழமை நான் நிற்கிறேன். எனக்கு வேண்டியது ஒரு சாட்சி.

டாக்டர் ஃபைஸான், மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள். உங்கள் சீனியர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஊர் முன்னால் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை வேலூர் ஆணையத்துக்கு வருவீர்களா?

"வர்றேன் சாச்சா" என்கிறார்.

சாச்சா வேண்டாம் டாக்டர், இது சொந்தபந்தப் பேச்சு இல்லை. கடைசி வரிசையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

"வர்றேன்மா, கண்டிப்பா வர்றேன்" என்கிறார். கேட்டதா தமிழினி? என்னம்மா? எழுந்து நின்று ஏதோ சொல்கிறாள், மைக்கில் விழவில்லை. அமைதி, அமைதி. சத்தமாகச் சொல்லும்மா.

"நீங்க தனியா வர வேணாம் டாக்டர். விடியக்காலையில உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறேன். சேர்ந்தே போலாம்" என்கிறாள்.

ஃபைஸான் தலையாட்டுகிறார். அவள் இன்னும் உட்காரவில்லை. தலைவர் அவர்களே, நாமும் எழுந்து நிற்போம்.