உப்பு சரியா இருக்கா?

மேடம்: ...அதெல்லாம் இருக்கட்டும் அக்கா. ஒரு வாய் போட்டுப் பாத்து, உப்பு சரியான்னு சொல்லுங்க.

அக்கா: மேற்பார்வை பாக்குற மேடம் மேற்பார்வையோட நிக்கணும். கரண்டி என் வேலை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல பிள்ளைங்களுக்கு வர்ற பசிக்கு என்னத்தப் போட்டாலும்...

மேடம்: திங்க மாட்டாங்க! புதுசுல நாம அனுப்புன தீனி டப்பா டப்பாவா அப்படியே திரும்பி வந்துச்சே?

அக்கா: அப்ப பள்ளிக்கூட வாசல்ல எண்ணெயில பொரிச்சு விக்கிறவர்கிட்ட வரிசையில நின்னாங்க. இப்ப அவரு ஈ ஓட்டுறாரு.

மேடம்: அதனாலதான் மாவட்டக் கல்வி ஆபீஸ்லேருந்து இன்னைக்கு வராங்க. எல்லாப் பள்ளிக்கும் நம்ம சமையல்கட்டுலேருந்தே குடுக்கலாமான்னு பாக்க. அவங்க முன்னாடி நீங்க ருசி பாத்து, என்ன குறைன்னு சொல்லணுமாம்.

அக்கா: நானா? எனக்கு... தொண்டை சரியில்ல.

மேடம்: காலையில காய்கறி வண்டிக்காரரத் திட்டினப்ப நல்லாத்தானே இருந்துச்சு?

அக்கா: அது திட்டுற தொண்டை. இது திங்குற தொண்டை.

மேடம்: இந்தாங்க கரண்டி.

அக்கா: பல்லும் வலிக்குது.

மேடம்: அக்கா... நேத்தும் நீங்க பாக்கல. சன்னல் வழியா அந்த நொட்டை ராணியத்தான் கூப்பிட்டீங்க.

அக்கா: அவளா? பக்கத்துப் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ். எதைக் குடுத்தாலும் மூஞ்சியச் சுளிப்பா. அவ மறுபடி கை நீட்டினா எல்லாப் பிள்ளையும் திங்கும். நேத்து கடலையில எலுமிச்சை பத்தலைன்னா. பிழிஞ்சேன். ஒரு டப்பா மிச்சத்தோட திரும்பி வந்துச்சா?

மேடம்: வரல. ஆனா உங்களத்தானே கேப்பாங்க? ஏதாவது உளறி வச்சா சமையல்கட்டு வேற ஆள் கைக்குப் போயிடும்.

அக்கா: ...கதவச் சாத்து.

மேடம்: சாத்தியாச்சு.

அக்கா: மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சே... அதோட போச்சுடி. உப்பு, புளிப்பு, வாசனை... ஒண்ணும் தெரியல. மண்ணும் மாம்பழமும் எனக்கு ஒண்ணுதான். போ, ஆபீஸுக்கு எழுதிப் போடு. நான் ஒண்ணும் அழ மாட்டேன்.

மேடம்: எழுதியாச்சு.

அக்கா: அடிப்பாவி! எழுதிட்டியா?

மேடம்: 'டப்பா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை ருசி பாத்துச் சரின்னு சொல்லணும். பெரியவங்க நாக்கு செல்லாது'ன்னு. எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும் அதுதான் இனிமே விதி. ஒத்துக்கிட்டாங்க.

அக்கா: என்னது...?

மேடம்: யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு நாக்கு இருந்தப்பதானே டப்பா மிச்சத்தோட திரும்பி வந்துச்சு? அது போன பிறகுதான் காலியா வருது.

அக்கா: கொழுப்புடி உனக்கு! அப்ப நான் ருசி பாக்கணும்னு சொன்னது?

மேடம்: சும்மா. நீங்களா வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன்.

அக்கா: இரு, இரு... உனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல கூட நான் மூச்சு விடலையே!

மேடம்: போன மாசம், சர்க்கரைன்னு நெனச்சு உப்பை அள்ளிப் போட்டு நம்ம ரெண்டு பேருக்கும் டீ போட்டேன். ஒரு வாய்க்கே எனக்குக் குமட்டிடுச்சு. ஓடி வந்து உங்க டம்ளரைப் புடுங்கலாம்னு பாத்தா... 'உன் கைமணமே தனி'ன்னு சொல்லி, நீங்க இன்னொரு டம்ளர் கேட்டீங்க.