குழாய் வாயில் மஃப்ளர்

டிசம்பர் காலை. வைட்ஃபீல்ட் போகும் ஆபீஸ் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர், "எங்க மாமனாருக்கு எங்க வீட்டுக் காத்து ஒத்துக்கலையாம்," என்றார்.

"ஏன்?"

"வெளிக்காத்து மண்ணுக்கடியில பதிச்ச குழாய்ல சுத்திட்டுத்தான் ரூமுக்கு வரும். வெயில்ல ஜில்லுன்னு இருக்கும். எங்க வீட்டுக்காரர் ஆசையா பண்ணது. மாமனார் சளி பிடிக்கும்னு அவர் ரூம்ல இருக்கிற குழாய் வாயில மஃப்ளரைச் சுருட்டி அடைச்சிட்டாரு. அப்பாவும் பிள்ளையும் ஆறு மாசமா சரியா பேசிக்கிறதில்ல."

"இந்தக் குளிருக்கு அவர் சொல்றது சரிதானே?"

"குளிர்ல அது வெதுவெதுன்னு வரும்ப்பா. மண்ணு சூட்டை வச்சிருக்கும்ல. இன்னிக்குக் காபி கொண்டுபோனேன். மஃப்ளர் கழுத்துல இருக்கு. ரெண்டு கையையும் குழாய்கிட்ட நீட்டிட்டு நிக்கிறாரு. என்னைப் பார்த்ததும் அவசரமா திரும்ப அடைச்சிட்டாரு."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. இனிமே கதவைத் தட்டிட்டுத்தான் போகணும்."