பதிமூணு கிலோ ஏத்தின மச்சான்

— ஸ்டீராய்டா? வேண்டாம் டாக்டரம்மா. தப்பா நினைக்காதீங்க, எங்க மாப்பிள்ளை உடம்புல அந்தக் கருமம் ஏறக் கூடாது.

— முதல்ல உக்காருங்க. முகம் வெளுத்துக் கிடக்கு.

— ரெண்டு நாளா தலை சுத்துது. ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆகாது. அவர் எப்படி இருக்காரு?

— கேன்டீன்ல எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து பாதி உடம்பு வெந்து வந்தவர். வேணுங்கிற அளவு சலைன் ஏத்தியாச்சு. பிரஷரைத் தூக்க ரெண்டு மருந்து ஓடுது. எழுபதைத் தாண்ட மாட்டேங்குது. இப்படியே போனா சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டார்.

— அதுக்குன்னு ஸ்டீராய்டா? கிட்னி போயிடும், எலும்பு பொடியாயிடும்னு வீடியோவுல ஒருத்தர் புட்டுப் புட்டு வச்சாரே.

— டாக்டரா?

— பிளம்பர். ஆனா விவரமான ஆளு.

— தீக்காயத்துக்கு நாங்களும் அதைச் சும்மா குடுக்க மாட்டோம், புண்ணுல கிருமி ஏறிடும். வேற வழியில்லாமதான் உங்க தங்கச்சிகிட்ட கையெழுத்து கேட்டேன். எங்க அண்ணனைக் கேளுங்கன்னுட்டாங்க. சரி, அவர் வழக்கமா மாத்திரை ஏதாவது சாப்பிடுவாரா?

— ஒண்ணு கிடையாது. முரட்டு உடம்பு. நான் வளர்த்த உடம்பாச்சே.

— நீங்களா?

— கல்யாணத்தப்போ என் தங்கச்சி பக்கத்துல கொடிக்கம்பம் மாதிரி நின்னாரு. எட்டே மாசம், பதிமூணு கிலோ ஏத்திட்டேன். கன்னம் ரெண்டும் பன்னு. கை கால்தான் அடம் புடிச்சு பழைய குச்சியாவே நிக்குது.

— எதைக் குடுத்து ஏத்தினீங்க?

— சத்து மாத்திரைங்க, மருந்தில்ல. மூலிகைன்னு கடைக்காரன் சொன்னான். இதோ, பையிலயே இருக்கு பாருங்க.

— அட்டையைத் திருப்பிப் படிச்சீங்களா?

— முன்னாடிதான் சிங்கம் போட்டிருக்கே. பின்னாடி எதுக்குத் திருப்பணும்?

— பின்னாடி ஸ்டீராய்டுன்னு போட்டிருக்கு. தினமும் வெளியிலிருந்து வந்து விழுந்ததால, உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டை நிறுத்திடுச்சு. வெந்த அன்னிக்கு மாத்திரையும் நின்னுபோச்சு. இப்போ அதிர்ச்சியைத் தாங்க உள்ள ஒரு சொட்டு இல்ல. பிரஷர் எப்படி நிக்கும்? இந்த ஊசி போட்டா நிக்க வாய்ப்பிருக்கு.

— எங்க போடணும் கையெழுத்து?

— இங்க. என்ன, இன்னும் தலை சுத்துதா?

— தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா. ஊசியை ரெண்டா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மாப்பிள்ளை தனியா சாப்பிட யோசிச்சாருன்னு துணைக்கு நானும் எட்டு மாசமா சாப்பிட்டேன். இந்த அலைச்சல்ல ரெண்டு நாளா விட்டுப்போச்சு.